விண்வெளியைவிட அதிகக் குளிர்... படிகாரமும் காந்தமும் செய்யும் வித்தை! ஓசூருக்கு இதில் என்ன வேலை?

ஓசூர்க்காரர்களுக்குக் குளிர் புதிதல்ல. 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஊர் அது. சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களில் பறிக்கும் ரோஜாவைக் குளிர் அறைக்குள் வைத்தால்தான், வெளியூர் போய்ச் சேரும்வரை வாடாமல் இருக்கும். அந்த ரோஜாவுக்கு நாலைந்து டிகிரி செல்சியஸ் குளிர் போதும்.

ஜூஜூவாடி, அத்திப்பள்ளி என்று எல்லையைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. அங்கே குவாண்டம் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் சில சிப்களுக்கு, ரோஜாவின் குளிர் அறையே எரிகிற அடுப்பு மாதிரி. அவற்றுக்குத் தேவை, மைனஸ் 273 டிகிரியை உரசிக்கொண்டு நிற்கும் குளிர். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றுவெளிகூட அவ்வளவு குளிர் கிடையாது.

இந்தக் குளிரை உண்டாக்க உலகம் இன்று பெரும்பாலும் நம்பியிருப்பது ஓர் அபூர்வ வாயுவை. அது வருவதோ, அணு ஆயுதத் தொழிலின் மிச்சத்திலிருந்து. அந்த வாயு இல்லாமலே, ஒரு காந்தத்தையும் ஒரு கைப்பிடி உப்பையும் வைத்துக் கிட்டத்தட்ட அதே குளிரைத் தொட முடியும். 90 வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிய வித்தைதான் இது. இப்போது மறுபடியும் தேடுகிறார்கள். அது எப்படி நடக்கிறது, நம்ம ஊருக்கு அதில் என்ன இடம் என்று பார்க்கலாம்.

சிப்புக்கு எதற்கு இவ்வளவு குளிர்?

உங்கள் செல்போனில் இருக்கும் சிப், கொஞ்சம் சூடானாலும் சமாளித்து ஓடிவிடும். அதில் ஒவ்வொரு தகவலையும் சுமப்பது ஏராளமான எலெக்ட்ரான்கள். சூட்டில் சில எலெக்ட்ரான்கள் தடுமாறினாலும் கணக்கு தப்பாது.

குவாண்டம் சிப் அப்படி இல்லை. சிலிக்கானில் செய்யும் ஒரு வகையில், ஒரே ஒரு எலெக்ட்ரானின் காந்தத் திசைதான் தகவல். சந்தைக் கூச்சலுக்கு நடுவே காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் போல அது. வெப்பம் என்பது அணுக்கள் ஓயாமல் ஆடும் ஆட்டம். அந்தக் கூச்சல் அடங்கினால்தான் ரகசியம் கேட்கும்.

இந்தக் குளிரை அளக்க விஞ்ஞானிகள் 'கெல்வின்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்தான் 0 கெல்வின். அதற்குக் கீழே குளிர் என்பதே இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் அறை சுமார் 300 கெல்வின். விண்வெளி 2.7 கெல்வின். மீக்கடத்திகளால் செய்யும் குவாண்டம் சிப்கள் வேலை செய்வதோ, 0.02 கெல்வினுக்குப் பக்கத்தில்!

அந்த இடத்தில் வெப்பத்தை வெளியேற்றுவது லேசான வேலை இல்லை. இன்றைய குளிரூட்டிகள் 0.02 கெல்வினில் வெளியேற்றும் வெப்பம், மைக்ரோவாட் கணக்கில்தான். உங்கள் சுவிட்ச் போர்டில் மினுக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்சாரம், அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அறை வெப்பத்திலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு வயரும் கூடவே சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

அதனால்தான் கட்டளை கொடுக்கும் சிப்பையும் குளிருக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று யோசித்தார்கள். 4 கெல்வின் அளவு குளிரில் வேலை செய்வதற்கென்றே 'ஹார்ஸ் ரிட்ஜ்' என்ற சிப்பை 2019-இல் இன்டெல் அறிமுகப்படுத்தியது. 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள், சிலிக்கான் குவாண்டம் சிப்களை 1 கெல்வினுக்கும் மேலே இயக்கிக் காட்டின. 0.02 எங்கே, 1 எங்கே? நமக்கு அற்ப வித்தியாசம். குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஐம்பது மடங்கு ஆறுதல்.

அணு ஆயுதத்தின் மிச்சத்தில் ஓடும் ஃப்ரிட்ஜ்

பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினால் 4.2 கெல்வின் குளிர் கிடைக்கும். 1908-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் இதைச் சாதித்தார். அந்தத் திரவத்தைப் பம்ப் போட்டு ஆவியாக்கினால் 1 கெல்வின் பக்கம்வரை இறங்கலாம். அதற்குக் கீழே போக ஹீலியத்தின் இன்னொரு வகை வேண்டும். அதுதான் ஹீலியம்-3.

இயற்கையில் கிடைக்கும் ஹீலியத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஹீலியம்-3 இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. எனவே, தோண்டி எடுக்க வழியில்லை. ஹைட்ரஜன் குண்டுகளுக்காகத் தயாரிக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள், தானாகச் சிதைந்து ஹீலியம்-3 ஆக மாறுகிறது. பாதி டிரிட்டியம் சிதையவே 12 வருடங்களுக்கு மேல் ஆகும். அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் டிரிட்டியம் இருப்பிலிருந்து வடித்து எடுப்பதுதான் உலகச் சந்தையின் பெரும்பகுதி.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, கதிரியக்கப் பொருள் கடத்தலைக் கண்டுபிடிக்கும் கருவிகளை அமெரிக்கா எல்லைகளில் நிறுவியது. அவற்றுக்கும் ஹீலியம்-3 தேவைப்பட்டது. சில வருடங்களிலேயே கையிருப்பு கரைந்து, 2009 வாக்கில் ஆய்வுக்கூடங்கள் தட்டுப்பாட்டில் தவித்தன. இன்றும் ஒரு லிட்டர் வாயுவின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

இந்தியாவும் இந்த வரிசையில் நிற்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு 6,003 கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது. குவாண்டம் கணினிக்கான மையம், பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம். குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் நம் சென்னை ஐ.ஐ.டி. சிப்பை நாமே வடிவமைத்தாலும், அதைக் குளிரவைக்கும் வாயு வேறு நாட்டின் கையில் இருந்தால் என்ன ஆகும்? காந்தக் குளிர் முக்கியமாவது இங்கேதான்.

மண்பானை தெரிந்தால் இது புரியும்

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் வெளிப்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜும் இதே கதைதான். உள்ளே ஒரு வாயு ஆவியாகிறது, கம்ப்ரஸர் அதை மறுபடி அழுத்தித் திரவமாக்குகிறது.

காந்தக் குளிரில் ஆவியாக எதுவும் இல்லை. அங்கே இருப்பது ஒரு திடப்பொருள். அதன் அணுக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். சாதாரணமாக இவை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், இடைவேளை விட்ட பள்ளி மைதானம் போல. பக்கத்தில் பலமான காந்தத்தைக் கொண்டுவந்தால், பிரேயர் மணி அடித்த மாதிரி எல்லாம் ஒரே திசையில் வரிசைகட்டி நிற்கும். அப்போது அந்தப் பொருள் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே கடத்திவிட வேண்டும். பிறகு வெப்பம் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டுக் காந்தத்தை விலக்க வேண்டும். குட்டிக் காந்தங்கள் மறுபடி கலைந்து ஓடும். கலைவதற்கு ஆற்றல் வேண்டும். வெளியிலிருந்து எதுவும் வராததால், தன் உடம்பில் இருக்கும் வெப்பத்தையே எடுத்துக்கொள்ளும். பொருள் குளிர்ந்துவிடும்!

இதன் சாயலை வீட்டிலேயே உணரலாம். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், லேசாகச் சுடும். இழுத்தபடியே கொஞ்சம் ஆறவிட்டு, தளரவிட்டு மறுபடி வையுங்கள், சில்லென்று இருக்கும். இழுக்கும்போது ரப்பரின் மூலக்கூறுகள் வரிசைக்கு வருகின்றன, விட்டால் கலைகின்றன. இழுப்புக்குப் பதில் காந்தம் என்று வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது.

61 கிராம் உப்பு

இப்படிக் குளிரவைக்கலாம் என்று 1926-ஐ ஒட்டி இரண்டு பேர் தனித்தனியாக யோசித்தார்கள். ஒருவர் ஐரோப்பாவில் இருந்த பீட்டர் டிபை. இன்னொருவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் ஜியாக். 1933-இல் ஜியாக்கும் அவருடைய மாணவர் மக்டூகலும் 61 கிராம் கடோலினியம் சல்பேட் உப்பை எடுத்து, திரவ ஹீலியத்தால் முடிந்த அளவு குளிரவைத்து, காந்தத்தை விலக்கினார்கள். 0.25 கெல்வின்! அதுவரை மனிதன் தொடாத குளிர். 1949-இல் ஜியாக்குக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1930-களில், இப்படிப்பட்ட உப்புப் படிகங்களின் காந்த குணத்தைத் துருவிக்கொண்டிருந்த ஒரு தமிழரும் உண்டு. ராமன் விளைவைக் கண்டறிவதில் சர் சி.வி.ராமனோடு தோள்கொடுத்தவர் என்று நாம் படிக்கும் கே.எஸ்.கிருஷ்ணன்தான் அவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். ஒரு படிகம் எந்தத் திசையில் காந்தத்துக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை நுட்பமாக அளக்கும் முறைகளை, முதலில் டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் இருந்து உருவாக்கினார். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ஹீலியத்தைத் திரவமாக்கும் வசதி 1950-களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் அவர் காலத்தில்தான்.

திருஷ்டிப் படிகாரத்தின் உறவுக்காரர்

கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் படிகாரம் தெரியும் அல்லவா? சவரம் முடிந்ததும் சலூனில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதேதான். அதில் இருக்கும் அலுமினியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குரோமியத்தை வைத்தால், கரும் ஊதா நிறத்தில் 'குரோம் படிகாரம்' கிடைக்கும். தோல் பதனிடவும், பழைய ஃபோட்டோ வேலைகளுக்கும் பயன்பட்ட பொருள் இது.

ஜப்பான் 2023 செப்டம்பரில் ஏவிய 'எக்ஸ்ரிஸம்' விண்வெளித் தொலைநோக்கிக்குள் இந்தக் குரோம் படிகாரம் இருக்கிறது. நாசா செய்து கொடுத்த காந்தக் குளிரூட்டி, 36 புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு எக்ஸ்ரே உணரியை 0.05 கெல்வினில் வைத்துக்கொள்கிறது. எடையற்ற விண்வெளியில் திரவங்களைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. திடப்பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

படிகாரத்துக்கு என்ன தனிச்சிறப்பு? அதன் படிகத்துக்குள் நிறைய தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. குரோமிய அணுக்களை அவை தள்ளித் தள்ளி உட்காரவைக்கின்றன. நெருங்கி இருந்தால் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தாங்களாகவே வரிசை கட்டிவிடும். கலைவதற்கு ஆளே இருக்காது, குளிரும் நின்றுவிடும். தள்ளி இருப்பதால்தான் கடைசிவரை கலைந்து கலைந்து குளிர்விக்கிறது.

அதே தண்ணீரால் தொல்லையும் உண்டு. வெற்றிடத்தில் வைத்தால் தண்ணீர் போய்ப் படிகம் பொடியாகிவிடும். அதனால் காற்றுப்புகாமல் மூடி முத்திரையிட வேண்டும். குளிரைக் கடத்தத் தாமிரக் கம்பி வைத்தால் படிகாரம் அதை அரித்துவிடும். எனவே, தங்கக் கம்பிகளைச் சுற்றிப் படிகத்தை வளர்க்கிறார்கள்.

எல்லாம் சரி, இடிக்கிற இடம் எது?

காந்தத்தை ஒருமுறை விலக்கினால் ஒருமுறைதான் குளிர். கொஞ்ச நேரத்தில் வெப்பம் கசிந்து வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு விடை, ஒரு வாளி மேலே வரும்போது இன்னொன்று கீழே போகும் கிணற்று ராட்டினம். இரண்டு, மூன்று உப்புக் கட்டிகளை மாற்றி மாற்றி இயக்கினால் குளிர் அறுபடாது. மியூனிக் நகரில் 2018-இல் தொடங்கிய 'கியூட்ரா' என்ற நிறுவனம், ஹீலியம்-3 இல்லாமல் இப்படித் தொடர்ந்து குளிரூட்டும் இயந்திரங்களை விற்கிறது.

இரண்டாவது சிக்கல், காந்தமேதான். குவாண்டம் சிப்புக்குக் காந்தக் கசிவு ஆகாது. பல அடுக்குக் கவசம் போட்டுத்தான் பக்கத்தில் வைக்க முடியும். மூன்றாவது, மிக அடி ஆழக் குளிரில் தொடர்ந்து நிறைய வெப்பத்தை வாரி எடுப்பதில் ஹீலியம்-3 இயந்திரத்துக்கே இன்னும் கை ஓங்கியிருக்கிறது. பெரிய குவாண்டம் கணினிகள் அதை உடனே விட்டுவிடப் போவதில்லை. ஆனால் சிப்களைச் சோதிப்பது, உணரிகளை இயக்குவது, 1 கெல்வினை ஒட்டி ஓடும் சிலிக்கான் சிப்கள் போன்றவற்றுக்குக் காந்த வழி நன்றாகவே பொருந்தும்.

ஓசூர் ஸ்கூட்டரும் மணவாளக்குறிச்சி மணலும்

வாயுவிலிருந்து விடுதலை, சரி. உப்பு யார் கையில்?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. சூடு உடனே உறைத்த இடங்களில் மின்வாகனத் தொழிலும் ஒன்று. டி.வி.எஸ்., ஏத்தர் நிறுவனங்களின் மின் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலாவின் ஸ்கூட்டர் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன. ஒட்டுமொத்தத் தொழிலும், மோட்டாருக்கான காந்தம் கிடைக்காமல் போகுமோ என்று அந்த மாதங்களில் கவலைப்பட்டது. மோட்டார் காந்தம் சூட்டைத் தாங்க உதவும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அந்த ஏழில் இருந்தன. ஜியாக் பயன்படுத்திய கடோலினியமும் அதே பட்டியலில்!

ஆனால் அளவைக் கவனியுங்கள். மின்வாகனத் தொழிலுக்குக் காந்தம் டன் கணக்கில் வேண்டும். ஜியாக்குக்குத் தேவைப்பட்டது 61 கிராம். இன்றைய குளிரூட்டிகளுக்கும் கிராம் கணக்குதான். ஹீலியம்-3 போல இது சிதைவுக்காகக் காத்திருக்க வேண்டிய பொருளும் அல்ல, மண்ணில் இருப்பது.

அந்த மண் நம்மிடமே இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டார். தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி. இன்று அங்கே பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். மணலைப் பிரிக்கிறது. மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் அதிகம். கடோலினியம் சிறு பங்குதான், ஆனாலும் கிராம் கணக்கில் தேவைப்படும் வேலைக்கு அது தடையில்லை.

மணலிலிருந்து உப்பு சும்மா வந்துவிடாது. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் இருக்கிறது. மணல் எடுக்கும் திட்டங்களைக் குமரிக் கடலோரக் கிராமங்கள் எதிர்ப்பதற்கு, உடல்நலம், மீன்பிடி, கரை அரிப்பு என்று காரணங்கள் உண்டு. நாட்டுக்குத் தற்சார்பு வேண்டும் என்பதற்காக அந்தக் கவலைகளை ஓரம் தள்ள முடியாது. ஏற்கெனவே எடுத்த கனிமத்திலிருந்து தனிமங்களைச் சுத்தமாகப் பிரிப்பதும், பழைய மோட்டார்களின் காந்தத்திலிருந்து அரிய மண்ணை மீட்பதும் அந்தக் கடற்கரையின் சுமையைக் குறைக்கும் வழிகள்.

பட்டறைக்கு வரும் வேலை

மைனஸ் 273 டிகிரி என்றதும் வெள்ளைக் கோட் போட்ட விஞ்ஞானிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் குளிரூட்டியைப் பிரித்துப் போட்டால் கிடைப்பவை வேறு. ஒரு துளி காற்றும் கசியாமல் பற்றவைத்த உலோகக் கூடு. தங்க முலாம் பூசிய தாமிரத் தட்டுகள். மயிரிழைக் கம்பியில் பிசிறில்லாமல் சுற்றிய காந்தச் சுருள். வெப்பத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள். எல்லாமே கைத்திறனும் துல்லியமும் கேட்கும் வேலைகள்.

டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த ஊர் ஓசூர். டைட்டன் கடிகாரத்தின் பொடிப்பொடியான பாகங்களைச் செய்து பழகிய ஊர். தனிஷ்க் நகைகளால் தங்கத்தையும் கையாளத் தெரிந்த ஊர். அசோக் லேலண்டுக்கும் மற்றவற்றுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றி நிறைந்திருக்கின்றன. செல்போன் பாகங்களுக்காக டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்திருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்குப் பாகம் செய்து வந்த பட்டறைகளுக்கு, மின்வாகனம் வந்தபிறகு 'அடுத்து என்ன?' என்ற கேள்வியும் இருக்கிறது. மின்வாகன மோட்டாரில் அத்தனை பாகங்கள் கிடையாது.

40 கிலோமீட்டரில் இருக்கும் ஆய்வுக்கூடங்களின் குளிரூட்டிக்குப் பாகம் செய்வது, அந்தக் கேள்விக்கு ஒரு பதில். எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், தரம் மிகக் கறார். ஆயிரம் பேருக்கு வேலை தரும் தொழில் இது என்று ஆசை காட்டக் கூடாது. ஆனால் வெற்றிட வெல்டிங்கும் கசிவுச் சோதனையும் ஒருமுறை கைவந்துவிட்டால், விண்வெளி, மருத்துவமனை ஸ்கேன் இயந்திரம், சிப் தொழிற்சாலை என்று அந்தத் திறமையைக் கேட்கும் இடங்கள் பல. ஐ.டி.ஐ.-யிலும் பாலிடெக்னிக்கிலும் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி உள்ளூரிலேயே கிடைக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டுக்கு எப்போது வரும்?

கடோலினியம் உலோகத்தில் அணுக்கள் நெருங்கி இருப்பதால், அது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே காந்த வித்தையைக் காட்டும். ஒரு டெஸ்லா பலமுள்ள காந்தத்தில் சுமார் மூன்று டிகிரி மாற்றம். 2015-இல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஹையர் நிறுவனம் கம்ப்ரஸரே இல்லாத ஒரு காந்தக் குளிர்ப்பெட்டியை வைத்துக் காட்டியது. புவியைச் சூடாக்கும் வாயு இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுக்குச் செய்ய, விலை உயர்ந்த காந்தம் நிறைய வேண்டும். இருபதாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜோடு அது போட்டி போட முடியாது. எனவே, பக்கத்து வீட்டில் காந்த ஃப்ரிட்ஜ் வந்துவிட்டதா என்று இப்போதைக்கு எட்டிப் பார்க்க வேண்டாம்.

சிப்பின் குளிருக்கு அந்தத் தடை இல்லை. அங்கே போட்டி, வாங்க நினைத்தாலும் கிடைக்காத ஒரு வாயுவோடு. மணல் குமரியில் இருக்கிறது, ஆய்வுக்கூடம் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கிறது, கடைசல் இயந்திரம் ஓசூரில் ஓடுகிறது. இவற்றை இணைக்கும் படிப்பும் பயிற்சியும் வந்துவிட்டால், அடுத்த தலைமுறைக் குளிரூட்டியின் மேல் ஒட்டும் முகவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பின்கோடு இருக்கலாம்.